இழுவையா, இரைச்சலா? பிக்கப் வண்டியின் சைலன்சர் கதை

புதுச்சேரி உப்பளத்தில் லோடு வண்டி வைத்திருப்பவருக்கு முதல் எதிரி காற்றுதான். கூப்பிடு தூரத்தில் கடல், பக்கத்தில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். விடியற்காலையில் மீன் பெட்டி ஏற்றும் பிக்கப் வண்டிகளின் அடிப்பக்கம் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டே இருக்கிறது. மேலே பெயின்ட் பளபளக்கும். கீழே குனிந்து பார்த்தால் சைலன்சர் செதில் செதிலாக உரிந்து தொங்கும். உள்ளூர்ச் சந்தைக்கும் ஓட்டல்களுக்குமாகக் குறைந்த தூரமே ஓடும் வண்டி என்றால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகப் புகைக்குழாய் வழியே போகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடேறி, ஆவி அப்படியே வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓடி, அரை மணி நேரம் நின்று, மறுபடி கிளம்பும் வண்டியில் அந்த ஆவி குளிர்ந்து சைலன்சர் பெட்டிக்குள்ளேயே தேங்குகிறது. உள்ளே தண்ணீரும் புகைக் கரியும், வெளியே உப்பும் சேர்ந்து தகட்டை இரண்டு பக்கமும் தின்கின்றன.

ஓட்டை விழுந்த குழாயோடு பட்டறைக்கு வருபவருக்கு இரண்டு வழிகள் காட்டப்படும். பழையதைப் போலவே ஒன்றை மாட்டுவது ஒரு வழி. "இதையெல்லாம் கழட்டிட்டு நல்ல அகலமான பைப்பா போட்டுடலாம்ணே, வண்டி சும்மா பிச்சிக்கிட்டுப் போகும்" என்பது இன்னொன்று. இரண்டாவது வழியில் ஆசை இருப்பதில் வியப்பில்லை. புல்லட்டுக்குப் பஞ்சாப் சைலன்சர் மாட்டியவர்கள் வீதிக்கு வீதி இருக்கும்போது, பிக்கப் வைத்திருப்பவருக்கும் சத்தத்தின்மேல் ஒரு கண் விழத்தான் செய்யும். அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் பணமும் மிஞ்சும், வழக்கும் வராது.

குழாய்க்குள் நடப்பது

இன்ஜினின் சிலிண்டர்களிலிருந்து வரும் சூடான புகையை முதலில் மெனிபோல்ட் ஒன்று சேர்க்கிறது. அடுத்து டர்போ. புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையிலிருந்து வேலை வாங்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூச்சி 1905லேயே காப்புரிமை பெற்றார்.

பழைய வண்டிகளில் டர்போவுக்குப் பின் நீண்ட குழாய், ஒரு சைலன்சர் பெட்டி, வால்குழாய் அவ்வளவுதான். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகு நிலைமை மாறியது. இப்போதைய டீசல் பிக்கப்பில் டர்போவை ஒட்டியே ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் இருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருள் ஆவியையும் அது மாற்றிவிடும். அடுத்து வருவது டிபிஎஃப் எனப்படும் புகைத்துகள் வடிகட்டி. தேனடையைப் போலச் சின்னச் சின்ன அறைகள் கொண்ட பீங்கான் கட்டி அது. ஒன்றுவிட்டு ஒன்றாக அறைகளின் வாய் அடைக்கப்பட்டிருப்பதால், புகை அறைச் சுவர்களின் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேற முடியும். கரித்துகள் சுவரிலேயே தங்கிவிடும். சில வண்டிகளில் இதற்குப் பிறகு யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பும் உண்டு. பெட்ரோல் பங்குகளில் ஆட்ப்ளூ என்று விற்கப்படும் திரவம் அதுதான், அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த நீர்.

கடைசியில்தான் சைலன்சர் வருகிறது. அதன் உள்ளே தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். சத்த அலைகள் அறைக்கு அறை மோதித் திரும்பி, ஒன்றையொன்று அடக்கிக்கொள்கின்றன. சிலவற்றில் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்திருப்பார்கள். அது சத்தத்தை உறிஞ்சும்.

புதுச்சேரிக்காரர்கள் ரசிக்கக்கூடிய ஒரு செய்தியும் இந்தக் குழாயில் ஒளிந்திருக்கிறது. டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்றாலும், 1858இல் அவர் பிறந்த ஊர் பாரிஸ். அந்த இன்ஜினின் கரும்புகையை அடக்கும் வடிகட்டியைப் பரவலாக விற்கும் காரில் பொருத்தி 2000ஆம் ஆண்டில் சாலைக்கு அனுப்பியதும் பிரெஞ்சு நிறுவனம்தான். பெஜோ 607 என்பது அந்தக் காரின் பெயர். இருபது ஆண்டுகள் கழித்து அதே தொழில்நுட்பம் நம்மூர் மீன் வண்டி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வண்டி உண்மையிலேயே பறக்குமா?

அகலமான குழாய் போட்டால் இழுவை கூடும் என்ற பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. டர்போவைக் கடந்த புகை எவ்வளவு தடையில்லாமல் வெளியேறுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் டர்போ வேகம் பிடிக்கும். இன்ஜினுக்குப் பின்னழுத்தம் அவசியம் என்று சிலர் சொல்வது டர்போ டீசலுக்குப் பொருந்தாது. ஆனால் கூடுதல் சக்தி வரவேண்டுமானால் கூடுதல் டீசல் எரிய வேண்டும். இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதை ஈசியூ என்ற கணினிப்பெட்டி தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கை மாற்றாமல் பின்பக்கக் குழாயை மட்டும் மாற்றினால், ஓட்டுநர் உணரும் வித்தியாசத்தில் பெரும்பங்கு காதில்தான் நடக்கிறது.

சிலருக்கு மாற்றியதும் வண்டி நன்றாக இழுப்பதும் உண்மை. அங்கே பழைய சைலன்சரின் உள்தகடு துருப்பிடித்து உடைந்து பாதையை அடைத்திருக்கும், அல்லது கல் தட்டிக் குழாய் நசுங்கியிருக்கும். அடைப்பு நீங்கியதால் வந்த பலன் அது. நிறுவனத்தின் குழாயையே புதிதாகப் போட்டிருந்தாலும் அந்த இழுவை திரும்பியிருக்கும்.

சிக்கல் தொடங்குவது டிபிஎஃப் வடிகட்டியில். அது சேர்த்துவைக்கும் கரி அவ்வப்போது எரிந்து தீர வேண்டும். நெடுஞ்சாலையில் சுமையோடு ஓடும்போது புகையின் சூட்டிலேயே ஓரளவு தானாக எரியும். போதாதபோது ஈசியூ சிறிது டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி எரிக்கும். பாதியில் வண்டியை அணைத்தால் அந்த வேலையும் பாதியில் நிற்கும். உப்பளத்திலிருந்து பெரிய மார்க்கெட், அங்கிருந்து நெல்லித்தோப்பு என்று நின்று நின்று ஓடும் வண்டியில் இது நாள்தோறும் நடக்கிறது. டேஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை குறையும், கடைசியில் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போக மறுக்கும். அப்போதுதான் "வடிகட்டியை உடைச்சு எடுத்துட்டு, கம்ப்யூட்டர்லயும் ஆஃப் பண்ணிடலாம்" என்ற யோசனை காதில் விழுகிறது.

இதற்கு எளிய மாற்று உண்டு. விளக்கு எரிந்ததும் கடலூர் சாலையிலோ திண்டிவனம் சாலையிலோ இருபது, முப்பது நிமிடம் சீரான வேகத்தில் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் வடிகட்டி தானே சுத்தமாகிவிடும். அப்படியும் அணையாவிட்டால் சர்வீஸ் நிலையத்தில் கருவியை இணைத்து எரிக்கச் சொல்லலாம். குறைந்த சாம்பல் தரும் வகை இன்ஜின் ஆயிலை மட்டும் ஊற்றுவதும் முக்கியம். கரி எரிந்துவிடும், ஆயிலின் சாம்பல் எரியாமல் தங்கிவிடும். அதிகம் ஓடிய வண்டியில் வடிகட்டியைக் கழற்றிச் சாம்பலை நீக்க வேண்டிவரும்.

கழற்றி எறிந்தால் என்ன ஆகும்?

எடை கூடிய இலகு ரக லோடு வண்டிகள் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்று பிஎஸ்-4 விதி அனுமதித்த புகைத்துகள் 60 மில்லிகிராம். பிஎஸ்-6 விதியில் அது 4.5 மில்லிகிராம். இந்த இறக்கத்தைச் சாத்தியமாக்கியது வடிகட்டிதான். டீசலில் கந்தகத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்க எண்ணெய் நிறுவனங்கள் சுத்திகரிப்பு ஆலைகளை மாற்றியமைத்ததும் இப்படிப்பட்ட கருவிகள் கெடாமல் இயங்கத்தான். பட்டறையில் ஒரு மணி நேரத்தில் கட்டிங் மெஷினால் அறுத்தெடுப்பது இத்தனை உழைப்பையும் சேர்த்துத்தான்.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூன் மாதத்தில் உறுதியாக வகைப்படுத்தியது. புகையிலை இருக்கும் அதே முதல் வகுப்பில் டீசல் புகையும் இருக்கிறது. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நாளெல்லாம் நிற்கும் ஓட்டுநரும் சுமை ஏற்றுபவரும் மீன் விற்கும் பெண்களும்.

பிக்கப் வண்டிகளின் நாடான அமெரிக்காவில் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் கணக்குச் சொன்னது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டிருந்தன. அவை கூடுதலாகக் கக்கும் புகை, சாலையில் 90 லட்சம் புதிய டீசல் பிக்கப்புகளைச் சேர்ப்பதற்குச் சமம் என்றது அந்த அறிக்கை. கரும்புகை கக்கும் வண்டிகளைக் கட்டிக் காட்டிப் புகழ்பெற்ற 'டீசல் பிரதர்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் நாயகர்கள்மீது யூட்டா மாநிலத்து மருத்துவர்கள் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2020 மார்ச்சில் நீதிமன்றம் விதித்த தண்டத்தொகை எட்டு லட்சம் டாலருக்கும் மேல்.

வண்டி செய்யும் நிறுவனமே தப்புச் செய்தாலும் இந்தியாவில் விடுவதில்லை. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்திருந்ததாக 2015இல் சிக்கிய ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தெளிவானது. தயாரிப்பாளர் குறிப்பிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அந்த ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத பாகத்தைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

புகைக்கும் சத்தத்துக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. காற்று, ஒலி மாசு விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் 190ஆம் பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் கைவிட்டுப் போகும். எல்லா மோட்டார் வண்டிக்கும் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி.

சத்தத்துக்கு இடத்தைப் பொறுத்தும் வரம்பு உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படும் இடங்களில் பகலில் 50, இரவில் 40. உப்பளத்திலிருந்து வடக்கே சுப்பையா சாலையைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரர்கள் கட்டம் கட்டமாக வகுத்த நகரம் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் வீதியை ஒட்டி எழுந்த உயரமான சுவர்கள், இடையே குறுகிய தெரு. சுவருக்குச் சுவர் எதிரொலித்து, திறந்த வெளியில் கேட்பதைவிடச் சத்தம் அதிகமாகும். அரசு பொது மருத்துவமனை இருப்பதும் அந்த வீதிகளுக்கு நடுவில்தான்.

லோடு வண்டிக்காரர் நினைவில் வைக்க வேண்டியது எஃப்.சி. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். பெட்டியில்லாத குழாயோடு அங்கே போய் நின்றால் திரும்பிவர வேண்டியதுதான். புகைச் சான்றுக்கும் இதே கதை. வாரண்டிக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு அந்த வாரண்டி உரிமையும் கேள்விக்குள்ளாகும். விபத்துக் காப்பீடு கோரும்போது அறிவிக்காத மாற்றம் ஒரு காரணமாகக் காட்டப்படலாம்.

சரியாக மாட்டுவது எப்படி?

அப்படியானால் செய்யக்கூடியது எது? வடிகட்டி, கேட்டலிஸ்ட், சென்சார் எதையும் தொடாமல், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் துருப்பிடித்த குழாயையும் சைலன்சர் பெட்டியையும் மாற்றுவது. நிறுவனத்தின் அசல் பாகம் கிடைத்தால் கேள்வியே இல்லை. வெளிச்சந்தையில் வாங்கினால் அந்த மாடலுக்கென்றே செய்த, உள்தடுப்புகள் முழுமையாக உள்ள பெட்டியாக இருக்க வேண்டும்; விட்டமும் நீளமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். கடலோர வண்டிக்கு சாதா இரும்பைவிட அலுமினியம் பூசிய இரும்பு நீடிக்கும். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு அதைவிட நீடிக்கும். தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப்பை வெட்டி ஒட்டுவது சில இடங்களில் நடக்கிறது. அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் ஆவியாகி, அதைச் சுவாசிக்கும் வெல்டருக்கு அன்றிரவே காய்ச்சலைக் கொண்டுவரும்.

வேலை தொடங்குமுன் குழாய் முழுக்க ஆற வேண்டும். ஜாக்கி மட்டும் வைத்து வண்டிக்கடியில் படுக்கக் கூடாது. சேஸிசின் கீழ் உறுதியான ஸ்டாண்டு வேண்டும். துரு ஏறிய நட்டுகளில் முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்துவைத்தால் மறுநாள் போல்ட் உடைவது குறையும். பெட்டியைத் தாங்கும் ரப்பர்களைச் சோப்புத் தண்ணீர் தடவிக் கழற்றலாம். வெடித்த ரப்பரை மீண்டும் போடவே கூடாது.

அந்த ரப்பர் வெறும் தொங்கல் அல்ல. மூன்று மீட்டர் இரும்புக் குழாய் 200 டிகிரி சூடேறினால் ஏழு மில்லிமீட்டர் நீளும். ரப்பருக்குப் பதில் கம்பியாலோ வெல்டிங்காலோ சேஸிசோடு இறுக்கிக் கட்டினால் அந்த நீட்சிக்கு இடமிருக்காது; எங்காவது ஓரிடத்தில் பிளந்துகொள்ளும்.

புதுக் குழாயை மாட்டும்போது எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகப் பூட்டி, முழு நீளமும் நேராக உட்கார்ந்த பின்புதான் முன்னாலிருந்து பின்னுக்கு ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஃபிளாஞ்சுக்கு நடுவில் புதிய கேஸ்கெட் அவசியம். பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயரிங், அடியில் தொங்கும் ஸ்டெப்னி இவற்றிலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிக்கப்புக்கு மட்டும் உரிய இன்னொரு சோதனையும் உண்டு. காலி வண்டியில் அச்சுக்கு மேலே தாராளமாக இருக்கும் இடைவெளி, ஒரு டன் ஏற்றியதும் பட்டை ஸ்பிரிங் அமுங்கிச் சுருங்கிவிடும். ஆகவே சுமை ஏற்றியும் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். வெப்பத் தடுப்புத் தகடுகளைச் "சும்மா சத்தம் போடுது" என்று கழற்றிப் போடுவது ஆபத்து. வைக்கோல் ஏற்றும் வண்டியிலும், காய்ந்த புல்மேல் நிறுத்தும் வண்டியிலும் தீப்பிடிக்க அது போதும்.

வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டு விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்கவைப்பதும் முக்கியம். மின்சாரம் வேறு வழி தேடினால் ஈசியூ போய்விடும். அதன் விலைக்கு முன் சைலன்சர் விலை ஒன்றுமில்லை.

முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். வால்குழாயின் வாய் வண்டியின் உடலுக்கு வெளியே முடிய வேண்டும். தொட்டிக்கு அடியில் முடிந்தால் புகை சுழன்று கேபினுக்குள் வரும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். அதற்குப் பிறகு உப்புக் காற்று வேலையைத் தொடங்காமல் இருக்க, மீன் இறக்கிய ஒவ்வொரு நாளும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவதைவிடச் சிறந்த மருந்து எதுவுமில்லை.

புதிய சைலன்சர் வாங்கப் போகிறவர்கள் பட்டறையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வடிகட்டியையோ சென்சாரையோ தொடுவீர்களா? இந்தப் பெட்டிக்குள் தடுப்பு இருக்கிறதா? இதோடு எஃப்.சி. கிடைக்கும் என்று பில்லில் எழுதித் தருவீர்களா? மூன்றில் ஏதாவது ஒன்றுக்குச் சரியான பதில் வராவிட்டாலும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு பட்டறை பாருங்கள்.